முக்கோணத்துக்குக் கீழே

எலி நீந்தும் தொட்டிக்குள் என் மனைவி இறங்கியபோது அவளுடைய செருப்பு இரண்டும் என் கையில் இருந்தன. ஐம்பத்து நான்கு வயது. துறையின் மூத்த ஆராய்ச்சியாளர். முழங்கால் வலிக்குத் தினமும் தைலம் தேய்த்துக்கொள்பவள். விடுமுறை நாளும் அதுவுமாக, பால் கலந்ததுபோல் வெளுத்திருந்த தண்ணீரில், உடுத்திய உடையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது. பிறகு மெல்லக் குனிந்து, மோவாய் தண்ணீரைத் தொடும்வரை தலையைத் தாழ்த்திக்கொண்டாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்ன புத்திசாலித்தனமான விஷயங்களில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. இது நன்றாகவே புரிந்தது. தள்ளி நின்றேன்.

எனக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே விடுவதற்கு முன்னால் நீல அங்கி, தலைக்கு ஒரு பை, காலுக்கு இரண்டு பை என்று என்னைப் பொட்டலம் கட்டியிருந்தார்கள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சொந்தமாக ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி, அதன் மொத்தச் சொத்து ஒரே ஒரு கார். என் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த கார். அவள் எலிகளுக்கு வழி கற்றுக்கொடுக்கிறவள். இரண்டும் ஒரே தொழில்தான் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லுவேன். அவள் முறைப்பாளே தவிர, மறுத்ததில்லை.

அவளுடைய ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூளையில் ஒரு நரம்பணுவும் அடுத்த நரம்பணுவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. நடுவே மயிரிழையைவிடப் பல மடங்கு சிறிய ஓர் இடைவெளி இருக்கிறது. செய்தி அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும் அந்த இடத்துக்குப் பெயர் சினாப்ஸ். நாம் எதையாவது புதிதாகக் கற்கும்போது அந்த இணைப்பு வலுவாகிறது, திரும்பத் திரும்பச் செய்யும்போது நிலைத்துவிடுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு புரதம் இல்லை. அவர்களுக்கும் இணைப்பு உண்டாகும், ஆனால் நிற்காது. "கிளட்ச் பிடிக்கிற மாதிரி பிடிச்சுட்டு வழுக்குது, அவ்வளவுதானே?" என்று ஒருமுறை கேட்டேன். "அவ்வளவுதான்னா நான் எதுக்கு இத்தனை வருஷம் மண்டைய உடைச்சுக்கிட்டேன்?" என்று எரிந்து விழுந்தாள். அடுத்த மாதம் ஒரு பெரிய கூட்டத்தில் அதே கிளட்ச் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். என் பெயர் அதில் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அந்தச் சிலரில் ஒருவன் எங்கள் வீட்டில் இருக்கிறான், அவளுடைய தம்பி. நாற்பதைத் தாண்டியவன், முன்தலையில் முடி கொட்டிவிட்டது, ஆனால் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவன் தம்பிதான். மாமனார் மாமியார் போன பிறகு எங்களோடு வந்துவிட்டான். என் பயிற்சி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைப்பதும், மாணவர்கள் இடித்துத் தள்ளிய பிறகு நிமிர்த்துவதும் அவன் வேலை. அந்த வரிசை அவனுக்குப் பழக வருஷக்கணக்கில் ஆயிற்று. பழகிய பிறகு ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. மற்றபடி இன்று சொன்னது நாளை இருக்காது. முகங்களை மறக்க மாட்டான், தன்னிடம் யார் சிடுசிடுத்தார்கள், யார் சிரித்தார்கள் என்பதையும் மறக்க மாட்டான். அக்கா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு கேள்வி கேட்பான்.

"எலி படிச்சுதாக்கா?"

"இன்னும் இல்ல தம்பி."

"நாளைக்குப் படிக்கும்."

பல வருஷங்களாக இதே கேள்வி, இதே பதில், இதே ஆறுதல். யார் யாருக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் குழப்பமாக இருக்கும்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை, ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். நானும் ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு அழகாகவே செய்தான். மறுநாள் எது பிரேக், எது ஆக்ஸிலரேட்டர் என்று தெரியாமல், என்னைப் பார்த்து முழித்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி நேராக வந்து சாவியை உருவிக்கொண்டாள். "போதுங்க. இனிமே அவனுக்கு எதையும் புதுசா சொல்லிக் குடுக்காதீங்க. நேத்து தெரிஞ்சது இன்னிக்குத் தெரியலன்னு அவன் முழிக்கிறான் பாருங்க, அத என்னால பாக்க முடியல." அதற்குப் பிறகு தம்பி பின் இருக்கையில்தான். நான் மாணவர்களை விரட்டுவதைக் கேட்டுக்கொண்டு, ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, பேசாமல் வருவான்.

இந்தக் கோளாறுக்கு மருந்து வேலை செய்தாலும் குழந்தைப் பருவத்திலேயே கொடுத்தால்தான் உண்டு, வளர்ந்த மூளை வளர்ந்ததுதான், இனி அதில் ஒன்றும் நடக்காது என்பது அந்தத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தம்பியின் கூம்பு வரிசையைப் பார்த்தவள் அல்லவா, அவள் எப்படி ஒப்புக்கொள்வாள்? அந்தப் புரதம் இல்லாமல் பிறந்து வளர்ந்துவிட்ட எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தாள். தோற்றாள். அளவை மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள், அதுவும் தோல்வி. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு எலியைச் சும்மா விட்டால் ஒன்றும் ஆகாது, கூடவே தினமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் இது மூன்றாவது முயற்சி. இதுவும் கவிழ்ந்தால் எலி அறையை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகத் துறைத் தலைவர் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார். அறை போனால் கேள்வியும் போய்விடும். தம்பியின் வயதில் இருப்பவர்களுக்கு இனி எதுவும் இல்லை என்பதே கடைசி வார்த்தையாகிவிடும்.

பரீட்சை இதுதான். ஒரு வட்டத் தொட்டி, வெண்மையாக்கிய தண்ணீர், தண்ணீருக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடை. எலிக்கு நீந்தத் தெரியும், ஆனால் பிடிக்காது. மேடையைக் கண்டுபிடித்து ஏறி நின்றால் நிம்மதி. தொட்டியைச் சுற்றி வெள்ளைத் திரை. திரையில் நான்கு பக்கமும் பெரிய அட்டைப் படங்கள் — கறுப்பு முக்கோணம், வட்டம், கோடுகள், பெருக்கல் குறி. மேடை எந்தப் படத்துக்குக் கீழே என்பதுதான் எலிக்குப் பாடம். இந்தத் தடவை முக்கோணம். பாடம் முடிந்ததும் ஒரு மாத இடைவெளி. பிறகு மேடையை எடுத்துவிட்டு எலியைத் தொட்டியில் விடுவார்கள். நினைவிருக்கும் எலி மேடை இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேடும். மறந்த எலி எங்கெங்கோ அலையும். உச்சியில் இருக்கும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், கணினி கணக்குப் போடும்.

முப்பத்தாறு எலிகள். பன்னிரண்டு ஆரோக்கியமானவை, பன்னிரண்டு கோளாறு உள்ளவை, அவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. மிச்சம் பன்னிரண்டு கோளாறும் மருந்தும் சேர்ந்தவை. எது எந்த வகை என்பது என் மனைவி உட்பட யாருக்கும் தெரியாது, எண்கள் மட்டும்தான். ரகசியம் புள்ளியியல்காரர் ஒருவரின் கணினியில் இருந்தது. அவருக்கு அந்தக் கட்டடத்தில் 'பூட்டு' என்றுதான் பெயர். கெஞ்சினாலும் திறக்க மாட்டார். இது போதாதென்று என் மனைவி இன்னொரு விதியும் போட்டாள். பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் பரீட்சை அறைக்குள் காலை வைக்கக் கூடாது, பரீட்சை வைக்கிறவர் பாடம் நடந்தபோது அறையைப் பார்த்திருக்கவே கூடாது. ஆசை ஆளை ஏமாற்றும், கை தானாக எலியை நல்ல பக்கம் திருப்பிவிடும் என்பாள். ஆகவே பாடம் நடத்தியவள் அவள், பரீட்சை வைத்தது புதிதாகச் சேர்ந்த ஓர் உயரமான பெண். நெட்டை என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். விதி என்றால் என் மனைவிக்கு அப்படியொரு கண்டிப்பு. இடையில் அந்த ஒரு மாதத்தில் கட்டடக்காரர்கள் வந்து அறைக்கு வெள்ளையடித்துவிட்டுப் போனார்கள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சை முடிந்த அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். கணினி எல்லா எலிகளையும் தோற்கடித்திருந்தது. மேடை இருந்த இடத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. தம்பி வந்தான், கேட்டான். அவள் வழக்கமான பதிலில் 'இன்னும்' என்ற சொல்லை விட்டுவிட்டாள். "இல்ல தம்பி," என்றாள். தம்பி நாளைக்கு என்று ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொல்லாமல் விட்டது அன்றுதான்.

மறுநாள் விடுமுறை. காலைக் காப்பி ஆறிப்போக, அவள் மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து எலிகள் நீந்திய பாதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நூல்கண்டு பிரிந்தாற்போல் ஒரு கோடு. தோற்ற பரீட்சையின் விடைத்தாளை ஏன் இப்படி முறைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணுகூடப் பாஸ் இல்ல."

"தெரியுமே."

"இல்லங்க, யோசிங்க. ஒண்ணுகூட. நல்லா இருக்கிற எலியும் இதுல பன்னண்டு இருக்கு. அதுங்க எப்படித் தோக்கும்?" மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க. இந்தப் பாதை, இது, இது. எல்லாம் ஒரே எடத்துல போய் முட்டி மோதுது. தப்பான எடம், ஆனா ஒரே எடம். அங்க என்னதான் இருக்கு?"

அவள் கொண்டையைச் சரியாகக்கூட முடியாமல் எழுந்தாள். நான் காரை எடுத்தேன். தம்பி வழக்கம்போல் பின் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

ஆராய்ச்சி நிலையத்தின் வாகன நிறுத்தம் விடுமுறையில் வெறிச்சோடிக் கிடந்தது. நெட்டையைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். அவள் முந்தின நாள் அழுத கண்ணோடு வந்து சேர்ந்தாள். தம்பியை வாசல் காவலாளியிடம் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு ஒப்படைத்துவிட்டு மேலே போனோம். பரீட்சை முடிந்துவிட்டதால் இனி என் மனைவி உள்ளே போகலாம். பொட்டலமாகி நானும் பின்னால் போனேன். திரையின் இடைவெளி வழியாக நுழைந்து, தொட்டியைச் சுற்றி வந்து, ஓரிடத்தில் நின்று, தண்ணீரையே பார்த்தாள். "மேலருந்து பாத்தா எனக்குத் தெரியாது. அது எங்கருந்து பாத்துச்சோ அங்கருந்து பாக்கணும்," என்றாள். நான் சிரித்துவிட்டு நிமிர்வதற்குள் செருப்பு என் கைக்கு வந்துவிட்டது.

இப்படித்தான் அவள் தண்ணீருக்குள் போனாள். மோவாயைத் தண்ணீரில் வைத்தபடி மெல்லச் சுழன்றாள். வட்டம், கோடுகள், பெருக்கல் குறி. நெட்டை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முக்கோணத்துக்கு நேராக வந்ததும் என் மனைவி சுழல்வதை நிறுத்திவிட்டாள். கை தானாகத் தலைக்குப் போயிற்று. கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, நான் உள்ள வரும்போது தலையில எதாவது இடிச்சுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உன் தலை."

"இடிக்கல. இடிச்சிருக்கணும்!" தண்ணீர் சிதற எழுந்து நின்றாள். "பாடம் எடுத்த அத்தனை நாளும், நான் திரைய விலக்கி உள்ள வந்தா அந்த முக்கோணத்தோட முனை என் கொண்டையில மாட்டும். தெனமும் திட்டிக்கிட்டே எடுத்து விடுவேன். அது வாசல்கிட்ட இருந்துச்சு. இப்ப எதுக்கு அங்க இருக்கு?"

நெட்டையின் முகம் வெளுத்துப்போயிற்று. வெள்ளையடித்தவர்கள் திரையையும் படங்களையும் கழற்றி வைத்திருந்தார்கள். திரும்ப மாட்டியது அவள்தான். பழையபடி எப்படி இருந்தது என்று பாடம் எடுத்தவர்களைக் கேட்கக் கூடாது. அது விதி. ஆகவே உச்சிக் கேமராவில் இருந்த ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து, அதைப் பார்த்து, அப்படியே மாட்டினாள். படத்தின் மேல்பக்கம் வாசல் என்று எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கேமரா, வயர் எட்டாததால், எப்போதோ யாரோ பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தியது. படத்தின் மேல்பக்கம் வாசல் அல்ல, தண்ணீர்க் குழாய் இருக்கும் சுவர். நான்கு அட்டைகளும் வரிசை மாறாமல் அப்படியே கால் சுற்றுத் திரும்பியிருந்தன. சுற்றிலும் வெள்ளைத் திரை என்பதால் உள்ளே நிற்பவருக்குத் திசையே தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர்களை உள்ளே விடாதது என் மனைவியின் விதி. மேடை வாசல் பக்கம் இருந்தது என்று கணினி மட்டும் பிடிவாதமாகப் பழைய இடத்தையே பார்த்துக் கணக்குப் போட்டிருந்தது.

"மேடம், நான்தான்... என்னாலதான் எல்லாம்..." நெட்டைக்குக் குரல் உடைந்தது.

"அடி அசடே," என்று என் மனைவி அவளை அப்படியே ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். "எலி தப்பா போகல. நாமதான் அத வேற எடத்துல தேடிக்கிட்டு இருந்தோம். அது முக்கோணத்துக்குக் கீழதான் நிக்குது. எண்ணு, எண்ணு!"

அங்கேயே, ஈரத் தரையில், மடிக்கணினியை ஒரு நாற்காலியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எண்ணினார்கள். நான் செருப்போடு நின்றேன். முக்கோணத்துக்குக் கீழே விடாமல் தேடிய எலிகள் இருபத்து மூன்று. எங்கெங்கோ அலைந்தவை பதின்மூன்று. என் மனைவி அந்த எண்ணைச் சொல்லிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கே அந்தக் கணக்கு வந்துவிட்டது. ஆரோக்கியமான எலிகள் பன்னிரண்டுதான். அத்தனையும் தேறியிருந்தாலும் மிச்சம் பதினொன்று, நினைவே நிற்காது என்று எல்லாரும் கைகழுவிய எலிகள்.

"ஆனா எதுங்க?" என்றாள் மெதுவாக. "பாதி மருந்து, பாதி உப்புத் தண்ணின்னு இருந்தா மருந்துல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்." பூட்டைக் கூப்பிட என் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

பூட்டு அரைக்கால் சட்டையும் காய்கறிப் பையுமாக வந்தார். வீட்டிலிருந்து கடைக்குக் கிளம்பியவரை வழிமறித்துக் கூப்பிட்டிருந்தோம். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "மேடம், தோத்த பிறகு விதிய மாத்தறீங்களே. இத நான் எப்படி ஒத்துக்க முடியும்? உங்களுக்காகப் பண்ணா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

என் மனைவி நனைந்த கோழிபோல் அவர் முன்னால் நின்றாள். ஆனால் அந்தக் குரலை நான் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அவளுடைய அப்பாவிடம் அவள் பேசியபோது. "விதி மாறல. மேடை முக்கோணத்துக்குக் கீழன்னு பாடம் தொடங்குறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். எடுத்துப் பாருங்க. நகந்தது படம். எந்த எலிக்கு எதுன்னு இந்த நிமிஷம்வரைக்கும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எது தேறிச்சு, எது தேறலன்னு ஒவ்வொண்ணா இப்பச் சொல்றேன், நீங்க பதிஞ்சுக்குங்க. அதுக்கப்புறம் திறங்க. நான் நெனச்சது தப்பா இருந்தா, அறையக் காலி பண்ணிட்டு நானே சாவியக் குடுத்துடறேன்."

பூட்டு காய்கறிப் பையைக் கீழே வைத்தார். அவருடைய அறைக்குப் போனோம். முக்கோணம் என்று எழுதியிருந்த பழைய குறிப்பை அவர் எடுத்துப் பார்த்துக்கொண்டார். நெட்டை எண்களைப் படித்தாள். தேறியது, தேறியது, இல்லை, தேறியது. அவர் ஒவ்வொன்றாகப் பதிந்தார். எல்லாம் முடிந்ததும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடவுச்சொல்லைத் தட்டினார். அந்த நேரத்திலும் மறைத்துத்தான் தட்டினார். பிறகு நீண்ட நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"சொல்லுங்களேன்," என்றேன் நான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆரோக்கியமானது பன்னண்டுல பதினொண்ணு தேறியிருக்கு," என்றார். "உப்புத் தண்ணி பன்னண்டுல ரெண்டு." கண்ணாடியைக் கழற்றினார். "மருந்து குடுத்தது பன்னண்டுல பத்து. பத்து, மேடம்!"

யாரும் கத்தவில்லை. சினிமாவில் என்றால் கத்துவார்கள். என் மனைவி பூட்டின் நாற்காலியில் ஈரத்தோடு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பயந்துபோய்க் கிட்டே போனால், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். உலகத்தில் அத்தனை பேரும் இல்லை என்று சொன்னதை இந்த முழங்கால் வலிக்காரி உண்டு என்று காட்டிவிட்டாள், அதுவும் நான் பக்கத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது. பூட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கறாராக இருக்க முயன்று, சொன்னார்: "உண்மையில நாமளே வேணும்னு படத்தத் திருப்பி வச்சுப் பாத்திருக்கணும். எலி மோப்பம் புடிச்சுப் போச்சு, சத்தம் கேட்டுப் போச்சுன்னு இனிமே ஒருத்தரும் வாயத் திறக்க முடியாது. படம் போன எடத்துக்கு எலியும் போயிருக்கு. இந்தப் பொண்ணு பண்ண தப்பு நமக்கு ஒரு பரீட்சைய மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கு." நெட்டை அப்போதுதான் நன்றாக அழத் தொடங்கினாள்.

என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு பழைய ஆளாகிவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும், வேறு ஆய்வுக்கூடத்திலும் செய்ய வேண்டும், எலிக்கு ஆனதெல்லாம் மனிதனுக்கும் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை, யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது. படபடவென்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். அவள் போன வழியெல்லாம் வெறும்பாதத்தின் ஈரத் தடம்.

வாகன நிறுத்தத்தில் தம்பியும் காவலாளியும் என் காரின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் தீர்ந்திருந்தது. சொட்டச் சொட்ட வந்த அக்காவைப் பார்த்ததும் தம்பி வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"மழையாக்கா?"

"இல்லடா."

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். நேற்றைய முகம் அவனுக்கு மறந்திருக்காது. கேட்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "எலி..." என்று இழுத்து நிறுத்தினான்.

"படிச்சிருச்சு தம்பி," என்றாள். "எலி படிச்சிருச்சு! வளந்த எலி. மறக்காம வச்சிருக்கு."

குதிப்பான், கைதட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ரொம்பக் கவனமாக, ஒரு கூம்பை இடம் பார்த்து வைப்பதுபோல், அடுத்த கேள்வியைக் கேட்டான். "யாரு சொல்லிக் குடுத்தா?"

"நாங்கதான். தெனமும்."

"தெனமும்," என்றான். காரைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப எனக்கும் சொல்லிக் குடு."

மருந்து இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை, வருவதற்குள் எத்தனை வருஷமோ, வந்தாலும் என்னவோ என்று அவளுக்கு அவனிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, என் பக்கம் கையை நீட்டினாள். நான் செருப்பைக் கொடுக்கப் போனேன். "அது இல்லங்க," என்றாள். சாவியைக் கொடுத்தேன். அதை வாங்கித் தம்பியின் உள்ளங்கையில் வைத்து, அவனுடைய விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பின் இருக்கையில், அவன் எப்போதும் உட்காரும் இடத்தில், ஏறி உட்கார்ந்தாள்.

நான் என் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்க வாயெடுத்தேன். அதற்குள் தம்பியின் கை மேலே போய்விட்டது. கண்ணாடியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். பிறகு பெல்ட்டை இழுத்து மாட்டினான். பிறகுதான் சாவி. முதல்ல கண்ணாடி, அப்புறம் பெல்ட், அப்புறம் சாவி என்று மாணவர்களிடமெல்லாம் தினமும் நான் கத்துகிற வரிசை. அவன் பின் இருக்கைக்குப் போன பிறகு அவனிடம் அதை நான் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை. "என்ன தெரியுது?" என்றேன். "அக்கா தெரியுறா," என்றான்.

எது ஆக்ஸிலரேட்டர் என்று மட்டும் நான் காட்ட வேண்டியிருந்தது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடியும் ஒரு குதி. எல்லாரும் செய்வதுதான். மூன்றாவது தடவை அவன் சாவியைத் தொடாமல், கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டான்.

"எலி மொத நாள் என்னக்கா பண்ணும்?"

"மொத நாளா? அதுக்கு ஒண்ணும் தெரியாதுடா. சுவர் ஓரமாவே சுத்திக்கிட்டு இருக்கும்."

"சரி," என்று சாவியைத் திருப்பினான்.

என் பக்கத்துக் கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு நகர்ந்தது. தம்பி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, சுற்றுச்சுவர் ஓரமாகவே, ஒரு மாட்டுவண்டி முந்திவிடும் வேகத்தில் ஓட்டினான். ஒரு மூலை. இன்னொரு மூலை. மூன்றாவதில் சுவர் கிட்டே வந்தது, என் கால் பிரேக்கில் இறுகியது, அவனே திருப்பிவிட்டான். நெட்டையும் பூட்டும் படிக்கட்டில் வந்து நின்றார்கள், பூட்டின் கையில் காய்கறிப் பை. காவலாளி எழுந்து நின்று, ஏதோ பெரிய அதிகாரி வண்டி போவதுபோல், விறைப்பாகச் சலாம் வைத்தார். தம்பி ஹாரன் அடித்தான். சுற்றி மறுபடி வாசலுக்கு வந்தோம். மறுபடி சலாம், மறுபடி ஹாரன். அடுத்த சுற்று. செருப்பு இரண்டும் என் மடியில் குலுங்கிக்கொண்டிருந்தன. அவிழ்ந்த கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, என் மனைவி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னக் கண்ணாடிக்குள் அவளுடைய கண்கள், அதன் ஓரத்தில் அவனுடைய ஒரு கண், அதற்கும் பின்னால் வெள்ளைச் சுவர் நழுவி நழுவிப் போய்க்கொண்டே இருந்தது.